சும்மாவா இருந்தாள்?

“உன் அம்மா என்ன செய்கிறார்?” என்று வகுப்பிலே எந்தச் சிறுவனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தாய் கூலிக்குப் போகாதவளாயின், “வீட்டில் சும்மா இருக்காங்க, சார்” என்ற விடைதான் வரும். கோழி கூவுமுன் எழுகிறாள், குழாயடியில் குடம் வைக்கிறாள், அடுப்பைப் பற்ற வைக்கிறாள், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள், ஊர் உறங்கிய பின் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தலை சாய்க்கிறாள். அவள் சும்மா இருக்கிறாளாம்!

சிறுவனை நொந்து பயன் என்ன? தந்தை சொன்னதைத் தனயன் சொல்கிறான். ஊர் சொன்னதைத் தந்தை சொன்னான். ஊர் சொன்னதையே சட்டமும் சொல்கிறதே, அதைத்தான் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வேலை இழந்தோருக்கு அரசு தரும் உதவித்தொகை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை? அதிலும், இடையிலே சில ஆண்டுகள் வேலையை விட்டு நின்று, மீண்டும் வேலைக்கு வந்தவர்களின் கதி என்ன? சிறு கேள்வி போலத் தோன்றும். ஆனால் இந்தச் சிறு கேள்வியின் அடியில் ஒரு பெரிய நீதி புதைந்து கிடக்கிறது. தோண்டிப் பார்ப்போம்.

இந்திய அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய துன்பங்கள் நேரும்போது, நாட்டின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு, மக்கள் அரசின் உதவியைப் பெற அரசு வகை செய்ய வேண்டும் என்கிறது. அதற்கு அடுத்த 42ஆம் பிரிவு, நேர்மையான, மனிதத்தன்மை வாய்ந்த வேலை நிலைமைகளுக்கும் மகப்பேற்று உதவிக்கும் வகை செய்ய வேண்டும் என்கிறது. அடுத்தடுத்த வீடுகள் போல நிற்கின்றன இந்த இரண்டு பிரிவுகளும். வேலை இழந்தவருக்கு ஒரு வீடு. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு வீடு. பிள்ளை பெற்று, வளர்த்து, மீண்டும் வேலைக்குப் போய், அந்த வேலையையும் இழந்தவளுக்கு எந்த வீடு? இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அதிலேதான் அவள் விழுகிறாள்.

நாம் ஆசிரியப் பணி புரியும் ஊர், பனியன் தொழிலை நம்பி வாழும் ஊர். 2023ஆம் ஆண்டு, வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்து, பல கம்பெனிகளில் தையல் இயந்திரங்கள் உறங்கிய காலம். அந்த நவம்பரில் நம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் நம்மைத் தேடி வந்தார். கையிலே ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே ஈ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டுகள் சில.

“சார், கம்பெனியை மூடிட்டாங்க. வேலை போனவங்களுக்கு ஈ.எஸ்.ஐ.யில் பணம் தர்றாங்கன்னு சொல்றாங்க. எனக்குக் கிடைக்குமான்னு பார்த்துச் சொல்லுங்க சார்” என்றார்.

“உட்காருங்கம்மா, பார்ப்போம்” என்றோம்.

அவர் கதை நீண்டதல்ல. 2014 முதல் 2020 தொடக்கம் வரை ஆறாண்டுகள் ஒரே கம்பெனியில் டெய்லர். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் தவறாமல் நடந்தது. இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது, “நின்னுக்கம்மா, பிறகு பார்த்துக்கலாம்” என்றார்கள். நின்றார். குழந்தை பிறந்தது, மாமியார் படுக்கையில் விழுந்தார், மூன்றாண்டுகள் கடந்தன. 2023 ஜூனில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தார். அக்டோபர் முடிவில் அது மூடப்பட்டது. ஐந்து மாத வேலை!

இரண்டு மாலைப் பொழுதுகள் அந்த விதிகளுடன் உட்கார்ந்தோம். விதிகள் ஆங்கிலத்தில்; திட்டத்தின் பெயரோ இந்தியில். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். காப்பீடு பெற்றவர் நலத் திட்டம் என்று பொருள். சம்பளத்தில் பிடித்தம் செய்யும்போது எந்த மொழியும் தேவைப்படவில்லை. உரிமையைக் கேட்கும்போது மட்டும் ஏழைக்கு இரண்டு மொழிகள் தேவைப்படுகின்றன!

சட்ட விதி என்றதும் அஞ்சி ஒதுங்குவது நம்மவர் இயல்பு. அஞ்சத் தேவையில்லை. எந்த நாட்டு வேலையின்மைத் திட்டத்தை எடுத்தாலும், அது நம்மிடம் கேட்பவை பெரும்பாலும் மூன்றே கேள்விகள். எவ்வளவு காலம் வேலை பார்த்தாய்? அது எவ்வளவு அண்மையில்? அந்த வேலை எப்படிப் போயிற்று? இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டால் எந்த விதியின் பூட்டும் திறந்துகொள்ளும்.

2018 ஜூலையில் தொடங்கிய இந்தத் திட்டம், வேலை இழந்தவருக்கு நாள் ஊதியத்தில் நூற்றுக்கு 25 பங்கு, 90 நாட்கள் வரை தந்தது. கொரோனாக் கொடுமையால் ஆலைகள் மூடிய 2020இல், பங்கு 50 ஆக உயர்த்தப்பட்டது, நிபந்தனைகளும் தளர்த்தப்பட்டன. தளர்ந்த பின் நின்ற நிபந்தனைகள் இவை. வேலை இழப்பதற்கு முன் இரண்டாண்டுகளேனும் காப்பீட்டுக்குரிய வேலையில் இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று ஆண்டை இரண்டு சந்தாக் காலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வேலை போவதற்கு முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாட்களேனும், அந்த இரண்டாண்டுகளின் மற்ற மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றில் 78 நாட்களேனும் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவருக்கும், தாமாக விலகி ஓய்வு கொண்டவருக்கும் இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான்.

கணக்குப் போட்டோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த அம்மையார் கட்டிய நாட்கள் 78க்கு மேலே, அது தேறியது. மற்ற மூன்று காலங்கள்? 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை. ஒவ்வொன்றிலும் பூச்சியம். இரண்டாண்டு வேலை? அதுவும் இல்லை. ஆக, உதவித்தொகை இல்லை.

நாள் ஊதியம் 450 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி 225. தொண்ணூறு நாட்களுக்கு 20,250 ரூபாய். மாளிகைவாசிக்கு அது ஒரு மாலை விருந்தின் செலவு. அந்தக் குடும்பத்துக்கோ, வீட்டு வாடகையும் மளிகைக் கடைப் பாக்கியும் தீர்ந்து, அடுத்த வேலை கிடைக்கும் வரை தலை நிமிர்ந்து நிற்க ஒரு தூண்!

ஐயத்துக்கு இடம் வேண்டாம் என்று ஓர் அலுவலகத்திலும் போய்க் கேட்டார் அந்த அம்மையார். அங்கிருந்தவர் தாளைப் புரட்டிவிட்டு, “நடுவிலே மூணு வருஷம் சும்மா இருந்திருக்கீங்களே” என்றாராம்.

நம்மிடம் வந்து அதைச் சொன்ன அந்த அம்மையார் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “நான் சும்மாவா சார் இருந்தேன்?”

பட்டம் பெற்ற நமக்கும் விடை கூறச் சிறிது நேரம் ஆயிற்று.

இன்னொரு கதவும் இருக்கிறதே என்று அதையும் தட்டிப் பார்த்தோம். தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கிய வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைத் திட்டம் அது. அது காப்பீடு அன்று, அரசே தருவது. சந்தா கட்டியிருக்க வேண்டியதில்லை. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டுகள் ஆகியிருக்க வேண்டும். பதிவை மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்து வந்திருக்க வேண்டும். வயது 40க்குள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 45க்குள். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. பத்தாவது தேறியவருக்குத் திங்கள்தோறும் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய் என்று மூன்றாண்டுகள் கிடைக்கும்.

அம்மையார் பத்தாவது தேறியவர். பள்ளியிலேயே பதிவும் செய்திருந்தார். கைக்குழந்தையும் படுக்கையில் மாமியாருமாக இருந்த அந்த மூன்றாண்டுகளில், பதிவைப் புதுப்பிக்கும் நாள் வந்ததும் போனதும் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன? ஆண்டுக்கு 72,000 என்றால் மாதத்துக்கு 6,000. விசைத்தறியில் வேலை பார்க்கும் கணவனின் வருமானம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. இழந்தது அவளுடைய வேலை. அளக்கப்படுவது அவனுடைய கூலி!

முதற் கதவு கேட்கிறது: “நேற்று வரை உழைத்தாயா?” இரண்டாம் கதவு கேட்கிறது: “உன் கணவன் சம்பாதிக்கவில்லையா?” முதற் கதவுக்கு அவள் போதிய தொழிலாளி அல்ல, இரண்டாம் கதவுக்கு அவள் போதிய ஏழை அல்ல. பிறகு அவள் யார்?

இது நம் நாட்டின் குறை மட்டும்தானா? அல்ல. இந்த வழக்கத்தின் பிறப்பிடம் தேடினால் பிரிட்டனுக்குப் போக வேண்டும். 1911ஆம் ஆண்டு அங்கே இயற்றப்பட்ட தேசியக் காப்பீட்டுச் சட்டம், வேலையின்மைக்கு நாடளாவிய கட்டாயக் காப்பீடு என்பதை உலகுக்கு அறிமுகம் செய்தது. தொழிலாளி வாரத்துக்கு இரண்டரைப் பென்னி, முதலாளி இரண்டரைப் பென்னி, அரசின் பங்கு வேறு. வேலை போனால் வாரம் 7 ஷில்லிங், ஆண்டில் 15 வாரங்கள் வரை. கட்டடம், கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில் போன்ற சில தொழில்களுக்கே முதலில் அது பொருந்திற்று. அந்தத் தொழில்களில் உழைத்தவர் பெரும்பாலும் ஆடவர். இளமையில் நுழைந்து, இடையில் நில்லாமல், முதுமை வரை உழைக்கும் ஓர் ஆணின் வாழ்க்கையை அளவெடுத்துத் தைத்த சட்டை அது! பிற்காலத்தில் அதே சட்டையைப் பெண்ணுக்கும் கொடுத்து, “பொருந்தவில்லையா? உன் உடம்பில்தான் குறை” என்றார்கள்.

1931இல் இன்னும் ஒரு படி இறங்கினார்கள். பொருளாதார மந்தம் உலகைப் பிடித்தாட்டிய நேரம். கருவூலத்தில் பணமில்லை, யாரை விலக்கலாம் என்று பார்த்தார்கள். மணமான பெண்கள் கண்ணில் பட்டார்கள். ‘முரண்பாடுகளைக் களையும் சட்டம்’ என்று ஒன்று வந்தது. திருமணத்துக்குப் பிறகு இத்தனை சந்தா கட்டினாய் என்று காட்டு. உன் வட்டாரத்தில் உனக்குக் காப்பீட்டு வேலை கிடைக்கும் என்றும் மெய்ப்பி. அப்போதுதான் தொகை என்றார்கள். கன்னியாக இருந்தபோது ஆண்டுக்கணக்கில் கட்டிய காசு, தாலி ஏறியதும் போதாத காசாகிவிட்டது! பெருந்தொகையான பெண்களின் கோரிக்கைகள் தள்ளப்பட்டன. கொடுமையிலும் கொடுமை என்னவெனில், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த தொழிலாளர் அமைச்சர் ஒரு பெண். கடைச் சிப்பந்தியாக வாழ்வைத் தொடங்கி, 1929இல் பிரிட்டிஷ் அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண்மணி என்ற புகழ் பெற்ற மார்கரெட் பாண்ட்ஃபீல்டு அவர். ஆட்சிப் பீடத்தில் ஒரு பெண் அமர்ந்துவிட்டால் போதாது. அளவுகோல் மாற வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் ஆசிரியத் தொழிலும் இந்தக் கறைக்கு விலக்கல்ல. மணம் புரிந்த ஆசிரியை வேலையை விட்டுப் போக வேண்டும் என்ற தடை இங்கிலாந்தில் பல இடங்களில் இருந்தது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் அதை ஒழித்தது. வேலையில் இருக்கவும் விடுவதில்லை. வேலை போனால் உதவவும் முன்வருவதில்லை! கண்ணைக் கட்டிவிட்டுப் பாதை தெரியவில்லையா என்று கேட்கும் நீதி இது.

சிலர் குறுக்கிட்டுக் கேட்பார்கள்: “காப்பீடு என்றால் கட்டியவருக்குத்தானே? தவணை கட்டாதவன், வீடு எரிந்த பிறகு பணம் கேட்கலாமா?”

கேட்க வேண்டிய கேள்விதான். விடையும் இருக்கிறது. முதலாவது, அந்த அம்மையார் கட்டாதவர் அல்லர். ஆறாண்டுகள் கட்டியவர். அன்று கட்டியவையெல்லாம் இன்று செல்லாக் காசு என்பதுதான் விதி. இரண்டாவது, சமூகக் காப்பீடு என்பது கடைவீதி வாணிபம் அன்று. தொடக்க நாளிலேயே அதில் அரசும் பங்கு செலுத்தியது ஏன்? தனி மனிதன் தாங்க முடியாத சுமையைச் சமுதாயம் சேர்ந்து தாங்க வேண்டும் என்பதற்காக. மூன்றாவது, அவள் வளர்க்கும் குழந்தை யார்? நாளைக்கு ஆலையில் நின்று, சந்தா கட்டி, இந்த நிதியை நிரப்பப் போகும் தொழிலாளி அல்லவா? நாளைய சந்தாதாரரையே உருவாக்கித் தருகிறவளை, “நீ இன்று சந்தா கட்டவில்லை” என்று விரட்டுவது எந்த ஊர்க் கணக்கு?

அரசே எடுத்த கணக்கு ஒன்றும் உண்டு. 2019இல் நாடு முழுதும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறாள்; ஆணோ 97 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! எண்ணிப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு ஏற்றுக்கொள்ளத் தெரிய வேண்டாமா?

ஏற்றுக்கொண்ட நாடும் உண்டு. ஜெர்மனியில் வேலையின்மைத் தொகை பெற, முந்தைய 30 மாதங்களில் 12 மாதங்கள் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். அங்கே 2003 முதல் ஒரு விதி இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை வளர்க்கும் காலமும் காப்பீட்டுக் காலமாகவே எண்ணப்படும். அதற்குச் சற்று முன்பு வரை அவர் காப்பீட்டில் இருந்திருந்தாலோ, வேலையின்மைத் தொகை பெற்றிருந்தாலோ போதும். வளர்ப்பது தாயாயினும் சரி, தந்தையாயினும் சரி. வானம் இடிந்து விழவில்லை, கருவூலம் கவிழ்ந்துவிடவில்லை. நம் ஊர்த் தையற்காரப் பெண் அந்த விதியின்கீழ் இருந்திருந்தால், குழந்தையின் மூன்று வயது வரை அவருடைய கணக்கு அறுபடாமல் ஓடியிருக்கும். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நம் நாட்டிலேயே, கடந்த காலத்தைக் கேளாத சட்டமும் இருந்தது. ஊரக வேலை உறுதிக்காக 2005இல் இயற்றப்பட்ட சட்டம், வேலை கேட்டு 15 நாட்களுக்குள் தராவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டும் என்றது. நேற்று என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. இன்று உழைக்க முன்வருகிறாயா என்று மட்டும் கேட்டது. படி உண்மையில் எத்தனை பேர் கைக்குச் சேர்ந்தது என்பது வேறு வழக்கு. அப்படி ஒரு விதியை எழுத முடியும் என்பதை அது காட்டிவிட்டது. வீட்டில் உழைக்கும் பெண்களுக்காகத் தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்துக்கு, உதவித்தொகை என்று பெயரிடாமல் உரிமைத்தொகை என்று பெயரிட்டார்கள். சொல் மாறினால் பார்வை மாறும். பார்வை மாறினால் விதியும் மாறியாக வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது பிச்சை அல்ல, ஒரு திருத்தம். பிள்ளை வளர்ப்புக்கும் நோயுற்றோர் பணிவிடைக்கும் ஒதுக்கிய ஆண்டுகளை, பூச்சியம் என்று எழுதாதீர்கள். அந்த ஆண்டுகளை நீக்கிவிட்டு, அவற்றுக்கு முந்தைய உழைப்பைக் கணக்கில் எடுங்கள். குறைந்தது மூன்றாண்டுகளுக்காவது அப்படிச் செய்யுங்கள். விதிகளை ஏழைக்குப் புரியும் தமிழில் அச்சிட்டு, ஒவ்வோர் ஆலை வாசலிலும் ஒட்டுங்கள்.

விதி மாறும் வரை? உழைக்கும் சகோதரிகளுக்குச் சில சொற்கள். கருவுற்றதும், “நின்னுக்கம்மா” என்று சொன்னால் நின்றுவிடாதீர்கள். நின்றுவிடுவது வேறு, விடுப்பு எடுப்பது வேறு. ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவருக்கு, முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாட்கள் சந்தா இருந்தால், முழு ஊதியத்துடன் 26 வாரம் மகப்பேற்று உதவி என்று 2017இல் விதி வந்தது. இரண்டு குழந்தைகள் வரை அந்த அளவு. விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன், அந்தக் கையெழுத்து எத்தனை ஆண்டு உழைப்பை அழிக்கிறது என்று கேளுங்கள். புதிய கம்பெனியில் சேரும்போது பழைய காப்பீட்டு எண்ணையே கொடுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிக்கும் நாளை, பிள்ளையின் தடுப்பூசி நாளைப் போல நினைவில் வையுங்கள். சம்பளச் சீட்டைத் துணி மடிப்பில் அல்ல, பத்திரமாக ஓர் உறையில் வையுங்கள். கேட்கத் தெரிந்தவருக்கே உரிமை. கேட்கச் சான்று வேண்டும்.

படித்த இளைஞர்களுக்கும் ஒரு சொல். மாலை வேளையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் தெருவில் உள்ள பெண்களைக் கூட்டி வைத்து, மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் அவர்களோடு அலசுங்கள். விதி புரிந்தால் அச்சம் போகும். அச்சம் போனால், விதி ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்வி தானாக எழும். அறிவு தரும் முதற் பயன் அந்தக் கேள்விதான்.

அந்த அம்மையார் இப்போது வீட்டிலிருந்தபடி நூல் பிசிறு வெட்டுகிறார். கட்டுக் கணக்கில் கூலி, ஈ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது. அதாவது, சட்டத்தின் கணக்குப்படி இன்னும் ‘இடைவெளி’ நீள்கிறது. உழைப்போ ஒரு நாளும் நின்றதில்லை. 41ஆம் பிரிவும் 42ஆம் பிரிவும் எழுதப்பட்டு முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை நிரப்ப மலையைப் பெயர்த்து வர வேண்டியதில்லை. சட்டத்திலே ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரியை எழுதும் கை எழட்டும். எழும் வரை நம் குரல் ஓயாதிருக்கட்டும்!